படம் இருட்டடிக்கிறதா, வெளுத்துப்போகிறதா? கேமரா மீட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா பழுதாகிவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் பழுது இருப்பதில்லை. ஏதாவது ஒரு செட்டிங் மாறியிருக்கும், இல்லையென்றால் மீட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி, சொல்வதை நாம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்போம். அதனால் முதலில் மீட்டர், அடுத்து செட்டிங், கடைசியில்தான் பழுது என்ற வரிசையில் போகலாம். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ளது), மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாதது) இரண்டுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன். வித்தியாசப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்டாப்’ என்று வரும் இடமெல்லாம் கணக்கு இதுதான்: ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் கூடுதல், பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு.

மீட்டர் முள் சரியாக நடுவில்தான் நிற்கிறது. அப்புறம் ஏன் படம் தப்பாக வருகிறது?

முள் நடுவில் நின்றால் படம் சரியாக வரும் என்று மீட்டர் எங்கேயும் உறுதி கொடுக்கவில்லை. நீங்கள் காட்டிய இடம் நடுத்தரச் சாம்பல் நிறமாக வர இவ்வளவு ஒளி வேண்டும், அவ்வளவுதான் அது சொல்வது.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. அந்தப் பொருளின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரும் நல்ல வெயிலில் கிடக்கும் கறுப்புக் குடையும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பலாம். எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாததால், எதிரே இருப்பது சராசரியாக ஒரு நடுத்தர நிறம் என்று மீட்டர் வைத்துக்கொள்கிறது. கடைகளில் கிடைக்கும் 18 சதவீத கிரே கார்டு கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கறுப்புத் துணி, இரண்டையும் ஜன்னல் பக்கம் ஒரே வெளிச்சத்தில் தொங்கவிடுங்கள். அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் துளையின் அளவான அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவுசெய்யும் முறை) வைத்து, ஃப்ரேம் முழுக்க நிரப்பித் தனித்தனியாக ஒவ்வொரு படம் எடுங்கள். இரண்டுமே சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளை மங்கிப்போயிருக்கும், கறுப்பு வெளுத்திருக்கும். கேமரா நன்றாக வேலை செய்தால்தான் இப்படி வரும்! இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே தெரிந்துவிடும்.

தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படங்களில் உப்பு அழுக்குச் சாம்பலாக இருக்கிறது, வேலை செய்கிறவர்களின் முகமே தெரியவில்லை. கேமரா ஏன் இவ்வளவு இருட்டாக எடுக்கிறது?

மேலே சொன்ன வெள்ளை வேட்டி சமாச்சாரம்தான், இன்னும் கடுமையான வடிவத்தில்.

எண்களோடு பார்ப்போம். மேகமில்லாத வெயிலுக்குப் பழைய ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு: அப்பர்ச்சர் எஃப் 16 (எஃப் எண் கூடினால் துளை சின்னது), ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எண்ணுக்குப் பக்கத்தில். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. அதையே எஃப் 8-க்கு மாற்றினால் 1/400. உப்பளத்தில் காலை பத்து மணி வெயிலுக்கு வேண்டியது ஏறக்குறைய இதுதான். ஆனால் ஃப்ரேமில் முக்கால்வாசி உப்புக் குவியல் என்றால் மீட்டர் 1/1000 என்று சொல்லும். அது 1.3 ஸ்டாப் குறைவு. உப்பு சாம்பலாகிவிட்டது. வெயிலில் நாள் முழுக்க நிற்பவரின் முகம் நடுத்தரச் சாம்பலைவிட ஏற்கெனவே ஒரு ஸ்டாப் ஆழமான நிறம். தலைத்துண்டின் நிழல் வேறு விழுகிறது. இதற்கு மேல் மீட்டரும் 1.3 ஸ்டாப் பறித்தால் அந்த முகத்தில் என்ன மிஞ்சும்?

காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் செட்டிங்கை, +1.3-ல் வையுங்கள். ஹைலைட் அலர்ட்டை, அதாவது வெளுத்துப்போன இடம் கண்சிமிட்டிக் காட்டும் வசதியை, ஆன் செய்துகொள்ளுங்கள். உப்புப் படிகத்தின் பளபளக்கும் முனைகள் மட்டும் அங்கங்கே சிமிட்டினால் போதும். குவியலின் ஒரு பக்கம் முழுக்கச் சிமிட்டினால் 0.3 குறையுங்கள்.

உப்பு தரையிலிருந்து மேல்நோக்கி நிறைய ஒளியைத் திருப்பிவிடும். ஆள் குனிந்து வாரும்போது அந்த ஒளி முகத்துக்கு அடியிலிருந்து ஏறும், துண்டின் நிழல் தானாகவே குறையும். நிமிர்ந்து நிற்கும் நொடியைவிடக் குனிந்த நொடியில் முகம் துலக்கமாக வருவது இதனால்தான். இதற்குப் பிறகும் உப்பா முகமா என்று ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், முகத்தைக் காப்பாற்றுங்கள். உப்பில் ஒரு மூலை வெளுத்துப்போனால் படம் கெடாது.

கறுத்த நிறமுள்ளவர்களைப் படம் எடுத்தால் ஒன்று முகம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறுகிறது, இல்லையென்றால் இருண்டுவிடுகிறது. எப்படி அளப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது.

மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டையில் இருக்கிறார், மீட்டர் வேட்டியைப் பார்த்தால் முகம் இருளும். சரி என்று ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்ன வட்டத்தை மட்டும் அளப்பது) அவர் முகத்திலேயே வைத்தால், மீட்டர் அந்த அடர் பழுப்பு நிறத்தை நடுத்தரச் சாம்பல் வரைக்கும் தூக்கிவிடும். கன்னத்திலும் நெற்றியிலும் இருக்கும் இயல்பான மினுமினுப்புதான் கறுத்த முகத்துக்கு வடிவம் கொடுப்பது. ஒரு ஸ்டாப் கூடினாலே அது சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். பக்கத்தில் பெண்ணின் புடவை ஜரிகை மொத்தமாக வெளுத்துப்போகும்.

முகத்தில் ஸ்பாட் வைத்து அளக்கிறீர்கள் என்றால் தொடக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: நல்ல கறுத்த நிறத்துக்கு -1, மாநிறத்துக்கு 0 முதல் -0.3, நல்ல சிவப்பு நிறத்துக்கு +0.7 முதல் +1. பிறகு உங்கள் கேமராவுக்கும் கண்ணுக்கும் தகுந்தபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னும் நம்பகமான வழி உள்ளங்கை. முகத்தின் நிறம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறினாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவு மாறுவதில்லை. நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பாக இருக்கும். முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் கேமரா பக்கம் காட்டி, ஸ்பாட்டில் அளந்து, முள் +1-ல் நிற்கும்படி மேனுவலில் (எல்லா அளவையும் நாமே வைக்கும் முறை) பூட்டிவிடுங்கள். எதிரில் யார் வந்து நின்றாலும் அவரவர் நிறத்தில் வருவார்கள். மருதாணி போட்ட கையால் அளக்கக் கூடாது. கையில் பிடித்து அளக்கும் தனி ஒளிமானி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அதன் வெள்ளைக் குமிழ் விழும் ஒளியை நேராக அளப்பதால் வேட்டியும் முகமும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும்.

ஆல்பத்தில் முகம் நேரில் இருப்பதைவிடச் சிவப்பாக வர வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்வதுதான் நல்ல எக்ஸ்போஷர் (படத்துக்கு விடும் ஒளியின் அளவு) என்று பழகிப்போன ஸ்டுடியோக்களும் இருக்கின்றன. அது தப்பான எக்ஸ்போஷர். ஒருவரின் நிறத்தை அந்த நிறமாகவே பதிவு செய்யும் படத்தில்தான் தோலின் தன்மை, பொட்டின் சிவப்பு, மஞ்சள் பூசிய கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மேட்ரிக்ஸ், எவாலுவேட்டிவ், சென்டர் வெயிட்டட், ஸ்பாட்: எதை வைப்பது?

மேட்ரிக்ஸ் (நிக்கான்), எவாலுவேட்டிவ் (கேனான்), மல்டி (சோனி, ஃபூஜி) எல்லாம் ஒரே கொள்கைதான்: ஃப்ரேமைப் பல கட்டங்களாகப் பிரித்து அளந்து, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று கேமரா முடிவெடுக்கும். 1983-ல் வந்த நிக்கான் எஃப்ஏ ஐந்து கட்டங்களோடு இதைத் தொடங்கிவைத்தது. இன்றைய மிரர்லெஸ்ஸில் சென்சாரே அளக்கிறது, முகம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. பெரும்பாலான வேலைக்கு இதையே வைத்து, காம்பன்சேஷனைக் கையில் வைத்திருங்கள். அதன் பழக்கம் பிடிபட்டுவிட்டால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்று விரல் தானாகவே போகும்.

சென்டர் வெயிட்டட் நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கும். ஸ்பாட் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் பார்க்கும். நிக்கான் டி5600-ல் ஃப்ரேமில் சுமார் 2.5 சதவீதம். கேனான் 1500டியில் ஸ்பாட்டே கிடையாது, நடுவில் 10 சதவீதத்தை அளக்கும் பார்ஷியல் மட்டும் உண்டு.

பிராண்ட் மாறியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிக்கானில் ஸ்பாட் வட்டம் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் பாயின்ட்டோடு நகரும். கேனானின் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் அது நடுவிலேயே நிற்கும். ஓரத்தில் இருக்கும் முகத்தில் ஃபோகஸ் வைத்திருப்பீர்கள், மீட்டரோ நடுவில் இருக்கும் வெள்ளைச் சட்டையை அளந்துகொண்டிருக்கும். ‘கேமரா மாற்றியதிலிருந்து எக்ஸ்போஷர் ஆடுகிறது’ என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வருகிறது.

இதில் இரண்டு வெவ்வேறு பிரச்சினை கலந்திருக்கலாம்.

திரையில் வெள்ளைப் பூ ஓடும்போது மீட்டர் பயந்து குறைக்கும், கருநீலம் வரும்போது கூட்டும். மணமக்கள் மேல் விழும் ஃபோகஸ் லைட் மாறவே இல்லை, பின்னணிதான் மாறுகிறது. ஆகவே மீட்டரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. மேனுவலுக்குப் போய், ஐஎஸ்ஓ ஆட்டோவையும் அணைத்து (இதை மறந்துவிட்டால் மேனுவலில் இருந்தும் பயனில்லை), உள்ளங்கையை வைத்து அளந்து பூட்டுங்கள்.

பூட்டிய பிறகும் மாறி மாறி வந்தால் விளக்கின் துடிப்பு காரணம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/500-ல் எடுத்தால் சில படம் உச்சத்திலும் சில படம் பள்ளத்திலும் விழும்; நிறமும் மஞ்சள், பச்சை என்று சாயும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவந்தால் ஒரு முழுத் துடிப்பாவது உள்ளே வந்துவிடும், வித்தியாசம் மறையும். அவ்வளவு மெதுவாக எடுக்க முடியாத இடத்தில் ஆன்டி ஃபிளிக்கர் வசதியை ஆன் செய்யுங்கள். கேனானில் 2014-ல் 7டி மார்க் 2-வோடு வந்த இந்த வசதி இப்போது பல பிராண்டுகளிலும் இருக்கிறது. சைலன்ட் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுவதும் இதே துடிப்பால்தான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள். எல்இடி திரைகள் சில இந்த 100 கணக்குக்கும் அடங்காமல் தனி வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டரை ஒவ்வொரு படியாக நகர்த்தி, பட்டை மறையும் வேகத்தைப் பிடிப்பதுதான் வழி.

ஒரு படம் சரி, அடுத்தது இருட்டு, அதற்கு அடுத்தது வெளுப்பு. மறுபடி இதே வரிசை.

பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு அளவு ஒளியில் எடுக்கும் வசதி, ஆன் ஆகியிருக்கிறது. மூன்று மூன்றாக ஒரே வரிசையில் திரும்ப வந்தால் வேறெதையும் தேட வேண்டாம், மெனுவில் பிகேடி அல்லது ஏஇபி என்று இருப்பதை அணையுங்கள். நிக்கானில் கேமராவை அணைத்துப் போட்டாலும் இது போகாது.

எல்லாப் படமும் ஒரே அளவு வெளுப்பாக வருகிறது. காட்சி எதுவானாலும் இப்படித்தான்.

காம்பன்சேஷன் டயல் பையில் உரசித் திரும்பியிருக்கும். பூட்டு இல்லாத டயல் உள்ள கேமராக்களில் இது தினசரி நடப்பது.

அது பூஜ்யத்தில் இருந்தால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். நிக்கானில் மேனுவல் மோடிலும் காம்பன்சேஷன் வேலை செய்யும். ஐஎஸ்ஓ ஆட்டோ இல்லாதபோது அது ஷட்டரையோ அப்பர்ச்சரையோ மாற்றாது, மீட்டரின் பூஜ்யத்தை மட்டும் நகர்த்திவிடும். முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து எடுப்பீர்கள், படம் ஒரு ஸ்டாப் வெளுத்திருக்கும். இன்னொன்று, நிக்கானின் சில மாடல்களில் கஸ்டம் செட்டிங்கில் இருக்கும் ஃபைன் டியூன் ஆப்டிமல் எக்ஸ்போஷர். ஒவ்வொரு மீட்டரிங் முறைக்கும் தனியாக, 1/6 ஸ்டாப் கணக்கில், ஒரு ஸ்டாப் வரை ஏற்றி இறக்கலாம். இதை மாற்றினால் திரையில் எந்த அடையாளமும் காட்டாது. செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கியவர்கள் கட்டாயம் திறந்து பாருங்கள், பழைய உரிமையாளர் தன் ருசிக்கு மாற்றி வைத்திருக்கலாம். தேடிப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் மொத்த செட்டிங்கையும் ரீசெட் செய்துவிட்டு ஒரு படம் எடுங்கள். சரியாக வந்தால் பழுது இல்லை.

50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். வெளியில் எடுத்தால் வெளுக்கிறது, வீட்டுக்குள் அருமையாக இருக்கிறது.

மீண்டும் அந்த வெயில் கணக்கு. ஐஎஸ்ஓ 100-ல் எஃப் 16-க்கு 1/100 என்றால், எஃப் 1.8-க்கு 1/8000 வேண்டும். 1500டி போன்ற கேமராவில் அதிகபட்சம் 1/4000தான். ஒரு ஸ்டாப் மிச்சம், அதுதான் வெளுப்பு. வ்யூஃபைண்டரில் 4000 என்ற எண் சிமிட்டிக்கொண்டிருக்கும், ஷட்டர் பிரையாரிட்டியில் எடுத்தால் அப்பர்ச்சர் எண் சிமிட்டும். நிக்கானில் ‘ஹை’, ‘லோ’ என்று வரும். சிமிட்டும் எண் என்றால் ‘இதற்கு மேல் என்னால் முடியாது’ என்று கேமரா சொல்கிறது. எஃப் 2.8-க்கு மூடுங்கள், அல்லது என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போடுங்கள்.

கிட் லென்ஸில் இதற்கு நேர்மாறானது நடக்கும். 18-55 மிமீ லென்ஸில் 18-ல் எஃப் 3.5 வைத்து மேனுவலில் பூட்டியிருப்பீர்கள். 55-க்கு ஜூம் செய்ததும் லென்ஸால் எஃப் 5.6-க்கு மேல் திறக்க முடியாது. 1.3 ஸ்டாப் காணாமல் போய்விடும், நீங்கள் எதையும் தொடாமலே. தொடக்கத்திலிருந்தே 5.6-ல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடவே இல்லை. ஆனால் கூறைப்புடவையில் மடிப்பு எதுவும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது.

ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் இருட்டு (இடது) முதல் வெளுப்பு (வலது) வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம். நீங்கள் பார்ப்பது வெள்ளை நிறத்தில் வரும் ஒற்றை ஹிஸ்டோகிராம். அது மூன்று நிறங்களையும் கலந்து காட்டும், பச்சைக்குத்தான் அதில் அதிக எடை. அடர் சிவப்புப் பட்டு, குங்குமம், சாமந்தி மாலை போன்றவற்றில் சிவப்பு சேனல் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், கலவையில் அது தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி, சிவப்பு வலது சுவரில் மோதினால் 0.7 குறையுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: ராவில் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போட்டதுதான். பிக்சர் ஸ்டைலை விவிட்டில் வைத்திருந்தால் ராவில் வெளுக்காத இடத்தையும் வெளுத்துவிட்டதாகக் காட்டும். நியூட்ரலில் வைத்தால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கேமரா திரையில் பளிச்சென்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் திறந்தால் இருட்டு. எதை நம்புவது?

திரையை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமை நம்புங்கள். இரவில் எல்லாத் திரையும் பிரகாசமாகத்தான் தெரியும், நடு வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். திரையின் பிரைட்னஸை ஆட்டோவிலிருந்து எடுத்து நடுவில் நிறுத்திவையுங்கள்.

ஹிஸ்டோகிராமும் சரியாக இருந்து, ரா ஃபைல் மட்டும் இருண்டு திறந்தால், கேமராவின் நிழல் தூக்கும் வசதிகளைச் சந்தேகப்படுங்கள். நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் உயர் நிலைகளில் வெளுப்பைத் தடுக்க எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுத்துவிட்டு, ஜேபெக்கில் நிழலைத் தூக்கிக் கொடுக்கும். கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டியும் ஃபூஜியின் டிஆர் 200, டிஆர் 400-ம் இதே வகை. பின்னால் சொன்ன கேனான், ஃபூஜி வசதிகள் ஆன் ஆனால் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ தானாக ஏறிவிடும். வேறு கம்பெனி மென்பொருளுக்கு இந்த ரகசியம் முழுதாகத் தெரியாது. ராவில் மட்டும் வேலை செய்பவர்கள் இவற்றை அணைத்துவிடுவது நல்லது.

பிரின்ட் மட்டும் இருட்டாக வந்தால் மானிட்டர் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது. லேப்டாப்பை முழு பிரைட்னஸில் வைத்து எடிட் செய்யாதீர்கள்.

ஃபிளாஷ் போட்டால் மட்டும் எக்ஸ்போஷர் தப்புகிறது.

படத்தின் ஒரு ஓரத்தில் நீளமாகக் கறுப்புப் பட்டை வந்தால் ஷட்டர், சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம்) தாண்டிவிட்டது. பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. கம்பெனி ஃபிளாஷைக் கேமரா மேலேயே மாட்டினால் கேமரா தாண்ட விடாது; வெளி டிரிக்கரில் அந்தக் காவல் இல்லை.

டிடிஎல்லில் (ஃபிளாஷ் முதலில் விடும் சின்ன முன்ஒளி திரும்பி வருவதை அளந்து ஃபிளாஷின் அளவை முடிவுசெய்யும் முறை) ஜரிகைப் புடவை, கண்ணாடி, பின்னால் வெள்ளைச் சுவர் எதிலாவது முன்ஒளி பட்டுத் தெறித்தால் ஃபிளாஷ் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருளும். ஃபிளாஷ் காம்பன்சேஷன் என்பது சாதாரணக் காம்பன்சேஷனிலிருந்து தனி. அதைக் கேமராவிலும் வைக்கலாம், ஃபிளாஷிலும் வைக்கலாம். நிக்கானில் இரண்டும் கூடிக்கொள்ளும், கேனானில் ஃபிளாஷில் வைத்ததுதான் செல்லும். இரண்டு இடத்திலும் பாருங்கள்.

ஸ்டுடியோ விளக்கோடு மிரர்லெஸ்ஸில் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாக இருந்தால் அது பழுதில்லை. அறை வெளிச்சத்தில் படம் எப்படி வரும் என்று காட்டுகிறது, விளக்கு அடிக்கப்போவது அதற்குத் தெரியாது. எக்ஸ்போஷர் பிரிவ்யூவை (சோனியில் செட்டிங் எஃபெக்ட்) அணையுங்கள்.

இரவில் மீட்டர் ஏன் உளறுகிறது?

கார்த்திகை அகல்விளக்கு வரிசையை எடுத்தால் ஃப்ரேமில் பெரும்பகுதி இருட்டு. அதைச் சாம்பலாக்க மீட்டர் ஒளியை ஏற்றும், சுடர்கள் வெள்ளைப் புள்ளியாகிவிடும். -1-லிருந்து -2 வரை குறைத்துப் பாருங்கள். பௌர்ணமி நிலவுக்கு மீட்டரே வேண்டாம்; எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 போதும். நட்சத்திர வெளிச்சத்தில் மீட்டரால் அளக்கவே முடியாது. டி5600-ன் எல்லை 0 முதல் 20 இவி (ஒளி அளவைக் குறிக்கும் எண்) என்று கையேடே சொல்கிறது. அதற்குக் கீழே முள் காட்டுவதற்கு அர்த்தம் இல்லை, சோதனைப் படம் எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

டிஎஸ்எல்ஆரை டிரைபாடில் வைத்துவிட்டுக் கண்ணை எடுத்தால் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பின்பக்க வெளிச்சம் உள்ளே புகுந்து மீட்டரை ஏமாற்றும், படம் இருளும். வாங்கும்போது கொடுத்த ரப்பர் மூடியோ கைவிரலோ போதும்.

போலரைசர் போட்டதிலிருந்து அளவு மாறுகிறது.

போலரைசர் என்பது பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியை அது தின்னும். கேமரா மீட்டர் லென்ஸ் வழியாக அளப்பதால் தானாகவே ஈடுகட்டிவிடும். ஃபில்டர் பழைய லீனியர் வகையாக இருந்தால் மட்டும் டிஎஸ்எல்ஆரின் மீட்டர் தடுமாறும். சர்குலர் வாங்குங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. உண்மையிலேயே பழுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிச்சம் சீராக விழும் ஒரு வெற்றுச் சுவர் போதும். ஃப்ரேமை நிரப்பி, மேனுவல் ஃபோகஸில் மங்கலாக்கி, ஐஎஸ்ஓவைப் பூட்டி, ஒரே எக்ஸ்போஷர் வரும்படி ஜோடி ஜோடியாக எடுங்கள்: எஃப் 4-ல் 1/500, 5.6-ல் 1/250, 8-ல் 1/125, 11-ல் 1/60, 16-ல் 1/30. டியூப்லைட் அடியில் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஐந்தும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். முழுக்கத் திறந்த அப்பர்ச்சரில் மூலைகள் லேசாக இருள்வது லென்ஸின் இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எஃப் எண் கூடக்கூடப் படம் வெளுத்துக்கொண்டே போனால் அப்பர்ச்சர் இதழ்கள் மூடவில்லை. ஷட்டரை 2 நொடியில், அப்பர்ச்சரை 16-ல் வைத்து, கிளிக் செய்துவிட்டு லென்ஸின் முன்பக்கமாக உள்ளே பாருங்கள். இதழ்கள் சட்டென்று சுருங்கிச் சின்னத் துளையாக வேண்டும். மெதுவாக மூடினாலோ மூடாமலே இருந்தாலோ, இதழில் எண்ணெய் ஏறியிருக்கலாம், லீவர் வளைந்திருக்கலாம். நிக்கானில் இன்னொரு காரணமும் உண்டு: இ வகை லென்ஸ்களின் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது. டி90, டி3000 போன்ற பழைய பாடிகளுக்கு அதை மூடத் தெரியாது, எப்போதும் திறந்தேதான் எடுக்கும். அங்கே லென்ஸும் நல்லது, கேமராவும் நல்லது, ஜோடிதான் சேரவில்லை.

வேகமான ஷட்டரில் மட்டும் ஒரு பக்கம் இருட்டாக, அல்லது ஃபிளாஷ் இல்லாமலே கறுப்புப் பட்டை வந்தால் ஷட்டர் திரை தளர்ந்துவிட்டது. அது நாமே சரிசெய்யும் வேலை இல்லை.

ஜோடிகள் எல்லாம் சரி, மீட்டர் மேல்தான் சந்தேகம் என்றால், டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு எளிய சோதனை இருக்கிறது. வ்யூஃபைண்டரில் அளக்கும்போது மேலே இருக்கும் தனி மீட்டர் சென்சார் அளக்கிறது, லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும்போது) படம் பிடிக்கும் சென்சாரே அளக்கிறது. ஒரே சுவரை இரண்டிலும் அளந்து பாருங்கள், ஐபீஸை மூடிக்கொண்டு. கொஞ்சம் வித்தியாசம் சகஜம். ஒரு ஸ்டாப்புக்கு மேல் விலகினால் மீட்டர் சென்சாரைக் காட்ட வேண்டும்.

வேறொரு லென்ஸ் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதும், லென்ஸின் பின்பக்கத் தங்கநிறப் புள்ளிகளை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பதும் செலவில்லாத வேலைகள். கேனானில் எர்ரர் 01 வந்தால் முதலில் செய்ய வேண்டியது இந்தத் துடைப்புதான்.

சர்வீஸ் சென்டரில் என்ன கொடுப்பது?

‘படம் சரியாக வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் ரீசெட் செய்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சுவரை எடுத்த ஜோடிப் படங்களை எடிட் செய்யாத ஜேபெக்காக, எக்ஸிஃப் விவரம் (படத்தோடு பதியும் செட்டிங் குறிப்பு) அழியாமல் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். எந்த லென்ஸில் வருகிறது, எந்த லென்ஸில் வரவில்லை, எந்த எஃப் எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரச்சினை வரும் லென்ஸையும் பாடியோடு சேர்த்தே கொடுங்கள். பாடியை மட்டும் கொடுத்தால் அவர்கள் தங்கள் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுப்பார்கள். மெமரி கார்டையும் ஸ்ட்ராப்பையும் கழற்றி வைத்துக்கொண்டு, பாடியின் சீரியல் எண்ணும் லென்ஸின் சீரியல் எண்ணும் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.